இரைச்சலுக்கு எண்ணத் தெரியுமா?

கேள்வி: ஐயா, நான் சி.சி.என்.ஏ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய சாமான் கடையில் சிஸ்கோ 2501 ரூட்டர் இரண்டும், வெளியே வைக்கிற மோடம் இரண்டும் மலிவாகக் கிடைத்தன. வீட்டில் சும்மா கிடந்த இன்டர்காம் பெட்டியை டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடுவில் வைத்து, டயல்-அப் பழகுகிறேன். ஒரு ரூட்டருக்கு மதுரை என்று பெயர், மற்றதற்குத் தேனி. மதுரையிலிருந்து டயல் செய்தால் தேனி எடுக்கிறது. இரண்டு மோடமும் கீச்சிட்டு, ‘கனெக்ட் 33600’ என்று வருகிறது. அவ்வளவுதான், மூன்று எண்ணுவதற்குள் கட். எத்தனை முறை செய்தாலும் இதே கதை. மதுரை ரூட்டரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை மோடத்தில் மாட்டி நானே தேனிக்கு டயல் செய்து பார்த்தேன். இணைப்பு கொஞ்ச நேரம் நின்றது, ஆனால் திரையில் குப்பை எழுத்தாகக் கொட்டியது. அதைத் தாளில் எழுதி, இரண்டு ரூட்டரின் கான்ஃபிகரேஷனோடு அனுப்பியிருக்கிறேன். கடைக்காரரிடம் கேட்டால், “லைன்ல இரைச்சல் தம்பி, வயரை மாத்து, வேகத்தைக் குறை” என்கிறார். இரண்டையும் செய்தாயிற்று, பலன் இல்லை. மோடமே பழுதா? பெட்டியில் 56 கே என்று போட்டிருக்க, 33600தான் வருவதும் அதனால்தானா?

– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அன்புள்ள திண்டுக்கல் வாசகருக்கு,

முதலில் ஒரு சபாஷ். திரையில் குப்பை கொட்டினால் முகம் சுளித்துக்கொண்டு மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, புள்ளி கோடு விடாமல் மூன்று வரி பார்த்து எழுதியிருக்கிறீர்கள். கான்ஃபிகரேஷனை அப்புறம்தான் படித்தேன். விடை இந்தத் தாளிலேயே இருக்கிறது.

56 கே சமாசாரத்தை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அந்த வேகம் 1998இல் வந்த வி.90 என்ற தர விதியைச் சேர்ந்தது. ஒரு முனை டிஜிட்டலாக எக்ஸ்சேஞ்சோடு இணைந்திருந்தால்தான் அது கிடைக்கும். இணைய நிறுவனங்களின் முனை அப்படி இருந்தது. உங்கள் மேசையில் இரண்டு முனையும் சாதாரண டெலிபோன் வயர். அதில் 33600தான் உச்சம். உங்கள் மோடம் உச்சத்தில் ஓடுகிறது. பழுதான மோடம் இப்படி ஓடாது.

இனி இரைச்சல். கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். திரையில் புரியாத எழுத்து வந்தால் இரைச்சல் என்று சொல்லும் பழக்கம் எங்கள் காலத்திலிருந்தே உண்டு, அப்போது அதில் நியாயமும் இருந்தது. ஆரம்பகால மோடங்கள் வயரில் வந்ததை வந்தபடியே திரைக்குத் தள்ளிவிடும். ஈரத்தில் நனைந்த வயர் கரகரத்தால் அந்தக் கரகரப்பும் எழுத்தாகித் திரையில் வந்து உட்காரும். 1988இல் வி.42 என்ற விதி வந்தபின் கதை மாறியது. அது பிழைதிருத்தும் ஏற்பாடு. அனுப்புகிற மோடம் தரவைச் சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டோடும் ஒரு சரிபார்ப்பு எண்ணை ஒட்டி அனுப்பும். வாங்குகிற மோடம் தானும் கணக்குப் போட்டுப் பார்க்கும். எண் ஒத்துவராவிட்டால் கட்டைத் தூக்கி எறிந்துவிட்டு “திரும்ப அனுப்பு” என்று கேட்கும். உங்களுடைய 33600 மோடத்தில் இது இருக்கும், பெரும்பாலும் தானாகவே இயங்கிக்கொண்டும் இருக்கும். ஆகவே இன்று லைனில் இரைச்சல் இருந்தால் இணைப்பு மந்தமாகும், அடிக்கடி திணறும், முற்றிப்போனால் அறுந்துவிடும். குப்பை எழுத்து மட்டும் வராது. மோடம் அதை வாசலிலேயே பிடித்துவிடும்.

அது தவிர, இரண்டு மோடமும் ஒரே மேசையில்தானே இருக்கின்றன? நடுவில் மூன்று முழ வயர். இரைச்சல் எங்கிருந்து வந்து குடியேறும்?

குப்பை வர இன்னொரு காரணமும் உண்டு. ரூட்டரும் மோடமும் வெவ்வேறு வேகத்தில் பேசினால், அதாவது ரூட்டரின் ஆக்ஸ் போர்ட் 38400இல் இருக்க மோடம் 9600இல் எதிர்பார்த்தால், கண்டபடி எழுத்து கொட்டும். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில், மோடத்திடம் ‘ஏ.டி.’ என்று தட்டினால் ‘ஓகே’ என்ற பதில்கூட ஒழுங்காக வராது. உங்களுக்கு ‘கனெக்ட் 33600’ வரை எழுத்துப் பிசகாமல் வந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்த பிறகும் அதே குப்பை, அதே வரிசையில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சந்தேகமும் அடிபட்டுப் போகிறது.

எல்லாவற்றையும்விட என் கவனத்தை இழுத்தது வேறொன்று. மூன்று எண்ணுவதற்குள் கட், எத்தனை முறை செய்தாலும் அதே கதை என்கிறீர்கள். இரைச்சலால் அறுபடும் லைனுக்கு நேரங்காலம் கிடையாது. ஒருமுறை பத்து வினாடியில் போகும், அடுத்த முறை கால் மணி நேரம் நிற்கும். ஒவ்வொரு தடவையும் அதே வினாடியில் போகிறது என்றால் லைன் அறுபடவில்லை, யாரோ போனை வைக்கிறார்கள். யார் வைக்கிறார், ஏன் வைக்கிறார் என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளை அலுவலகத்துக்கு இதே டயல்-அப் இணைப்பைப் போட அனுப்பினார்கள். இதே மாதிரி கனெக்ட், இதே மாதிரி கட். லைன்தான் மோசம் என்று புகார் எழுதிக்கொடுத்தேன். லைன்மேன் வந்தார். கம்பத்திலிருந்து வரும் வயரை என் திருப்திக்காக மாற்றினார். மறுநாளும் அதே புகார். மூன்றாம் நாள் வந்தவர், இடுப்பில் தொங்கிய டெஸ்ட் போனை லைனில் மாட்டிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, என் காதிலும் வைத்தார். “கேளுங்க சார், கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க பெட்டியைப் பாருங்க.” பெட்டியில்தான் இருந்தது. நீங்கள் செய்திருக்கும் அதே தப்பு.

சரி, உங்கள் தாளுக்கு வருவோம். முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறீர்கள். எழுத முடியாத விசித்திர எழுத்து வந்த இடத்தில் புள்ளி வைத்திருக்கிறீர்கள்:

~.}#.!}!}!} }9}"}&} }*} } }#}%.#}%

இதற்குப் பின்னும் கொஞ்சம் போகிறது. நமக்கு இவ்வளவு போதும். இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஏறக்குறைய இதேதான். ஆனால் தொடக்கத்தில் !}!}! என்று இருந்த இடம் இரண்டாம் வரியில் !}!}" என்றும், மூன்றாம் வரியில் !}!}# என்றும் மாறுகிறது. நீங்களே அதைச் சுழித்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். நல்ல கண்.

தேனி ரூட்டர் உங்களிடம் பி.பி.பி. பேசுகிறது. பாயின்ட் டு பாயின்ட் புரோட்டோகால் என்பதன் சுருக்கம் அது. ஒரு கம்பியின் இரு முனையில் இருக்கும் இரண்டு கருவிகள் தங்களுக்குள் தரவை எப்படிக் கட்டி அனுப்புவது என்பதற்கான ஒப்பந்தம். அது எண்களால் ஆன பேச்சு. உங்கள் லேப்டாப்பில் ஓடிய டெர்மினல் புரோகிராமுக்கோ வருவதையெல்லாம் எழுத்தாகக் காட்டுவது ஒன்றுதான் தெரியும். ஒவ்வொரு எண்ணையும் அதற்குரிய எழுத்தாக்கிக் கொட்டிவிட்டது. கணக்கு நோட்டை ஒருவர் ராகம் போட்டுப் பாடிக் காட்டிய மாதிரி.

படிக்க இரண்டு விதி தெரிந்தால் போதும். முதல் விதி: ~ என்ற சுழிக்கு எண் 126. பி.பி.பி.யில் அது எல்லைக்கல். இங்கே ஒரு கட்டு தொடங்குகிறது அல்லது முடிகிறது என்று பொருள். இரண்டாம் விதி: } என்ற வளை அடைப்புக்கு எண் 125. அது தப்புக்குறி. 0 முதல் 31 வரையுள்ள எண்களை அப்படியே அனுப்பினால் சில மோடங்கள் அவற்றைத் தமக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொண்டு குழம்பும். ஆகவே அந்தச் சிறிய எண்களுக்கு முன்னால் ஒரு } போட்டு, எண்ணோடு 32ஐக் கூட்டி அனுப்புவது வழக்கம். நாம் திரும்பப் படிக்கும்போது } ஐத் தூக்கிவிட்டு 32ஐக் கழிக்கவேண்டும். மிச்சமுள்ளவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஆச்சரியக்குறிக்கு எண் 33. எனவே }! என்றால் 1. மேற்கோள்குறிக்கு 34; }" என்றால் 2. }# என்றால் 3. அடைப்புக்குப் பின் காலியாக ஓர் இடம் விட்டிருக்கிறீர்களே, அது காலியே அல்ல. இடைவெளிக்கு எண் 32, அதைக் கழித்தால் 0. அந்த இடைவெளிகளையும் விடாமல் எழுதினீர்கள் பாருங்கள், அதனால்தான் என்னால் படிக்க முடிந்தது.

இப்போது உங்கள் முதல் வரி. தொடக்கத்தில் முகவரி மாதிரி சில எண்கள். அடுத்து வரும் புள்ளியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து, “இது எல்.சி.பி.” என்கின்றன. லிங்க் கன்ட்ரோல் புரோட்டோகால், அதாவது தரவு எதையும் அனுப்புமுன் இணைப்பின் நிபந்தனைகளைப் பேசி முடிக்கும் கட்டம். அடுத்த }! என்பது 1: “இவை என் நிபந்தனைகள், சம்மதமா?” அதற்கடுத்த }! என்பது கடிதத்தின் வரிசை எண், முதல் கடிதம். பிறகு } }9 என்பது 0, 25. கடிதத்தின் நீளம் 25 பைட்.

உங்கள் கேள்விக்குறிக்கு இப்போது விடை தெரிந்திருக்கும். இரண்டாம் வரியில் வரிசை எண் 2, மூன்றாம் வரியில் 3. பதில் வராததால் தேனி மறுபடி மறுபடி கடிதம் போட்டுக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு. பி.பி.பி.யின் மூல விதிப்புத்தகம் (1994இல் வந்தது) மூன்று வினாடிக்கு ஒருமுறை பத்துத் தடவை கேட்டுப் பார்க்கலாம் என்கிறது. ரூட்டருக்கு ரூட்டர் இடைவெளி கொஞ்சம் மாறும். அத்தனைக்கும் பதில் இல்லாவிட்டால் கைவிட்டுவிடும். லேப்டாப்பில் இணைப்பு ‘கொஞ்ச நேரம் நின்றது’ என்றீர்களே, அது இந்தக் காத்திருப்புதான். இரைச்சலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரியுமா, சொல்லுங்கள்.

நிபந்தனைகள் என்னென்ன? முதலில் }"}& என்று தொடங்குவது 2, 6. இரண்டாம் எண் நிபந்தனை, ஆறு பைட் நீளம்; எந்தெந்தச் சிறிய எண்களுக்குத் தப்புக்குறி வேண்டும் என்பது பற்றியது. அதை விடுங்கள். அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது: }#}% என்பது 3, 5. மூன்றாம் எண் நிபந்தனை: “நீ யார் என்று நிரூபித்துவிட்டு உள்ளே வா.” எப்படி நிரூபிப்பது என்பது தொடர்ந்து வருகிறது. .# என்ற இரண்டும் சேர்ந்து ‘சாப்’ முறையைக் குறிக்கும் எண். கடைசி }% என்பது 5, அதாவது எம்.டி.5 என்ற கணக்கின்படி.

ஆக, நீங்கள் குப்பை என்று எழுதிய வரியில் தேனி உங்களிடம் அடையாளம் கேட்டிருக்கிறது. லேப்டாப்பில் இருந்த உங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மதுரை ரூட்டருக்கு எல்.சி.பி. நன்றாகத் தெரியும், நிபந்தனைகளுக்கு உடனே சம்மதம் சொல்லியிருக்கும். அடையாளம் காட்டும் இடத்துக்கு வந்ததும் மாட்டிக்கொண்டது. மூன்று எண்ணுவதற்குள் கட் ஆனது அங்கேதான்.

இந்த இடத்தில்தான் உங்கள் கான்ஃபிகரேஷனைத் திறந்தேன். மதுரை ரூட்டரில் ‘யூசர்நேம் மதுரை பாஸ்வேர்டு வைகை’ என்று போட்டிருக்கிறீர்கள். தேனியில் ‘யூசர்நேம் தேனி பாஸ்வேர்டு வைகை’. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மெயில் பார்க்க என் பெயர், என் பாஸ்வேர்டு கொடுப்பதில்லையா? அதே மாதிரி ஒவ்வொரு ரூட்டருக்கும் அதனதன் பெயரைக் கொடுத்துவிட்டீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல்முறை இப்படித்தான் போடுவார்கள். நானும் போட்டேன், லைன்மேனை மூன்று நாள் அலையவிட்டேன்.

சாப் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பிசகு தானாகவே தெரியும். முழுப்பெயர் சேலஞ்ச் ஹேண்ட்ஷேக் ஆத்தென்டிகேஷன் புரோட்டோகால். சவால் விட்டு அடையாளம் பார்க்கும் முறை. தேனி ஒரு சவாலை அனுப்பும். அதில் கண்டபடி பொறுக்கிய ஒரு நீண்ட எண்ணும், “கேட்பது தேனி” என்று அதன் பெயரும் இருக்கும். அந்தப் பெயர் நீங்கள் ‘ஹோஸ்ட்நேம்’ என்று ரூட்டருக்கு வைத்த பெயர்தான். சவால் கையில் கிடைத்ததும் மதுரை தன் பட்டியலைப் புரட்டும்: தேனி என்ற ஆசாமிக்கும் எனக்கும் பொதுவான ரகசியச் சொல் எது? கிடைத்ததும் அந்தச் சொல்லையும் சவால் எண்ணையும் சேர்த்து எம்.டி.5இல் போட்டு அரைக்கும். எதைப் போட்டாலும் 16 பைட் மாவாகத்தான் வரும், மாவிலிருந்து அரிசியைத் திரும்பப் பொறுக்க முடியாது. அந்த மாவை, “இதைத் தருவது மதுரை” என்ற பெயரோடு திருப்பி அனுப்பும். இப்போது தேனி தன் பட்டியலில் மதுரை என்ற பெயரைத் தேடி, அங்குள்ள சொல்லைப் போட்டுத் தானும் அரைத்துப் பார்க்கும். இரண்டு மாவும் ஒன்றானால் கதவு திறக்கும். பாஸ்வேர்டு ஒருபோதும் வயரில் போவதில்லை. இந்த முறையின் அழகே அதுதான்.

ஆகவே பட்டியலில் இருக்கவேண்டியது எதிராளியின் பெயர். நம் செல்போனில் நண்பரின் நம்பரை நண்பர் பெயரில்தானே வைக்கிறோம்? உங்கள் மதுரை தன் செல்போனில் தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. தேனி என்ற பெயரில் சவால் வந்ததும் தேடியது, இல்லை, இணைப்பை முடித்துக்கொள்வோம் என்று எழுதிவிட்டது. கவனியுங்கள், போனை வைத்தது தேனி என்றுதானே நினைத்திருப்பீர்கள்? டயல் செய்த மதுரையே வைத்திருக்கவும் முடியும். நீங்கள் இரண்டு பக்கமும் சாப் கேட்கும்படி வைத்திருப்பதால் தேனிக்கும் இதே இக்கட்டுதான். யார் முந்துகிறாரோ அவர் வைப்பார்.

செய்யவேண்டியது: மதுரையில் ‘யூசர்நேம் தேனி பாஸ்வேர்டு வைகை’, தேனியில் ‘யூசர்நேம் மதுரை பாஸ்வேர்டு வைகை’. பெயர் குறுக்கே மாறும், பாஸ்வேர்டு இரண்டிலும் ஒன்றே. ஆங்கிலத்தில் தட்டும்போது பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபட்டால் வேறு சொல்லாகிவிடும். வரியின் கடைசியில் கை தவறி விழுந்த ஓர் இடைவெளிகூடப் பாஸ்வேர்டில் சேர்ந்துகொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாது, தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். இன்னொன்று: புதிய மென்பொருள் உள்ள ரூட்டரில் ‘பாஸ்வேர்டு’ என்பதற்குப் பதிலாக ‘சீக்ரெட்’ என்று போடச் சொல்லி யாராவது ஆலோசனை தரலாம். மற்ற இடங்களில் நல்ல யோசனை, சாப்புக்கு ஆகாது. ‘சீக்ரெட்’ போட்டால் ரூட்டர் சொல்லையே அரைத்துத்தான் வைத்துக்கொள்ளும். சாப் கணக்குக்கு அரைக்காத அரிசி வேண்டும்.

மாற்றியபின் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையின் கன்சோலில் ‘டீபக் பி.பி.பி. நெகோஷியேஷன்’, ‘டீபக் பி.பி.பி. ஆத்தென்டிகேஷன்’ என்ற இரண்டு கட்டளைகளையும் கொடுத்துவிட்டு டயல் செய்யுங்கள். டீபக் என்றால், ரூட்டர் தன் உள்வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வது. வரிகளில் ‘ஓ’ என்று வந்தால் இங்கிருந்து போனது, ‘ஐ’ என்று வந்தால் அங்கிருந்து வந்தது. நீங்கள் கையால் படித்த கடிதங்களையே ரூட்டர் இங்கே வாசித்துக் காட்டும்: நிபந்தனை, வரிசை எண், நீளம் 25 எல்லாம். சாப் வரிகளில் சவால், பதில், கடைசியில் ‘சக்ஸஸ்’ வந்தால் ஜெயம். பழைய கான்ஃபிகரேஷனோடு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மாற்றச் சொல்வேன். “அந்தப் பெயர் என்னிடம் இல்லை” என்று ரூட்டர் சொல்வதை ஒருமுறையாவது பார்த்திருக்கவேண்டும். முடிந்ததும் ‘அன்டீபக் ஆல்’ கொடுக்க மறக்காதீர்கள். வேலை நடக்கும் பெரிய ரூட்டரில் டீபக்கை ஓடவிட்டுச் சாப்பிடப் போனால் ரூட்டர் படுத்துவிடும்.

தேனி, மதுரை என்று பெயர் வைத்ததும் நல்லதாயிற்று. பெட்டியிலிருந்து எடுத்த ரூட்டர்கள் எல்லாவற்றுக்கும் ‘ரூட்டர்’ என்றே பெயர் இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் வேறு வேடிக்கை: தன் பெயரிலேயே ஒரு சவால் வருவதைப் பார்த்த ரூட்டர், யாரோ என் குரலில் பேசி ஏமாற்றுகிறான் என்று அந்தச் சவாலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். பாஸ்வேர்டெல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வராது.

கட் ஆகும் நேரத்தை வைத்தே ஆளைப் பிடிக்கலாம் என்றேனே, மற்ற நேரங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘கனெக்ட்’ வருவதற்கு முன்பே, டயல் செய்து சரியாக 30 வினாடியில் போனால் மோடத்தின்மேல் பழி போடாதீர்கள். டயல் செய்தபின் எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதற்கு ரூட்டரில் ஒரு கெடு உண்டு. நாம் மாற்றாவிட்டால் அது 30 வினாடி. மோடங்கள் கீச்சிட்டு வேகம் பேசி முடிக்கவே சில சமயம் அவ்வளவு ஆகிவிடும். பேச்சு முடியுமுன் ரூட்டர் எழுந்து போய்விடும். ‘கனெக்ட்’ வந்தபின் இருபது முப்பது வினாடி கழித்துப் போனால், எல்.சி.பி. கடிதங்களுக்குப் பதில் இல்லை. எதிர்ப்பக்கம் பி.பி.பி.க்குப் பதிலாக “யூசர்நேம் என்ன?” என்று மனிதரிடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டு நிற்கும், அந்த லைனில் ‘ஆட்டோசெலக்ட் பி.பி.பி.’ போடவில்லை என்று பொருள். எல்லாம் நன்றாக ஓடி, இரண்டு நிமிடத்தில் போனால் அது பழுதே அல்ல. வேலை இல்லாமல் 120 வினாடி சும்மா கிடந்தால் லைனை வைத்துவிடு என்பது ரூட்டருக்குப் பிறவியிலேயே உள்ள கட்டளை.

ஆனால் உங்களுக்கு அந்த இரண்டு நிமிடக் கட் வராது என்று நினைக்கிறேன். சாப்பைச் சரிசெய்ததும் அடுத்த கடிதம் எழுதுவீர்கள்: “ஐயா, இப்போது லைன் வைக்கவே மாட்டேன் என்கிறது.” உங்கள் கான்ஃபிகரேஷனில் ரிப் ஓடுகிறது. அது ரூட்டிங் புரோட்டோகால்; எந்த ஊருக்கு எந்த வழி என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை. 30 வினாடிக்கு ஒருமுறை சொல்லும், கேட்க ஆள் இருக்கிறதோ இல்லையோ. ‘டயலர் லிஸ்ட்’ என்ற வரியில் எல்லா ஐ.பி. போக்குவரத்தையும் அனுமதித்திருக்கிறீர்கள். ‘டயலர் மேப்’பில் பிராட்காஸ்ட்டும் போட்டிருக்கிறீர்கள், அதாவது பொது அறிவிப்புகளும் இந்த லைனில் போகலாம். 120 வினாடிக் கடிகாரம் 30க்கு மேல் ஓடவே முடியாது. ரிப் வந்து மறுபடி பூஜ்யமாக்கிவிடும்.

டயலர் லிஸ்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது, தேர்வுப் புத்தகங்களும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடும். அது காவல்காரன் என்று நினைக்கிறார்கள். அதில் ‘டினை’ போட்டால் அந்தப் போக்குவரத்து போகாது என்று நம்புகிறார்கள். அது அலாரம் மட்டுமே. எந்தப் பாக்கெட் வந்தால் போனை எடுத்து டயல் செய்யவேண்டும், எது வந்தால் 120ஐ மறுபடி தொடங்கவேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. லைன் ஏற்கெனவே எழுந்து நிற்கும்போது, பட்டியலில் ‘டினை’ ஆனதும் கூடவே ஏறிப் போய்விடும், வாடகை வண்டியில் ஓசிச் சவாரி மாதிரி. ஆகவே ரிப் பயன்படுத்தும் யு.டி.பி. 520ஆம் போர்ட்டை டயலர் லிஸ்டில் ‘டினை’ செய்தால், ரிப்புக்காக லைன் எழாது, ரிப்புக்காக நிற்கவும் நிற்காது. வேறு வேலைக்காக எழும்போது ரிப்பும் தன் சேதியைச் சொல்லிக்கொள்ளும். என்னைக் கேட்டால், இரண்டே ரூட்டர் உள்ள மேசையில் ரிப்பே வேண்டாம். கையால் ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது “அந்த ஊருக்கு இந்த வழி” என்று ஒரு நிலையான வரி, ஆளுக்கொன்று போட்டால் போதும்.

நான் முன்னே சொன்ன கிளை அலுவலகத்திலேயே இந்த இரண்டாம் பாடமும் நடந்தது. சனிக்கிழமை மாலை இணைப்பு வந்த சந்தோஷத்தில் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை காலை வரை இரண்டு ரூட்டரும் எஸ்.டி.டி. லைனில், 30 வினாடிக்கு ஒருமுறை, “நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தன. பில் வந்த நாளில் மேலாளர் என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. உங்கள் இன்டர்காம் பெட்டிக்கு மீட்டர் கிடையாது, கொடுத்து வைத்தவர்.

இதெல்லாம் இன்றைய தேர்வில் வருமா என்று கேட்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். கேட்டால் உண்மையைத்தான் சொல்லவேண்டும்: வராது. 2007இல் பாடத்திட்டம் மாறியபோதே, டயல்-அப்பின் அண்ணனான ஐ.எஸ்.டி.என். வெளியே போய்விட்டது. ஆனால் பி.பி.பி. சாகவில்லை. பல வீடுகளில் ஃபைபர் இணைப்புக்கு ரூட்டரில் ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டுக்கொடுத்துவிட்டுப் போகிறார்களே, அது பி.பி.பி.ஓ.இ.; இதே பி.பி.பி.யை ஈதர்நெட் உறையில் போட்டு அனுப்புவது. அங்கேயும் எல்.சி.பி. உண்டு, அடையாளம் கேட்பதும் உண்டு. பக்கத்து வீட்டில் நெட் வந்து வந்து போகிறது என்றால், எத்தனை வினாடிக்கு ஒருமுறை போகிறது என்று முதலில் கேளுங்கள்.

பெயர்களை மாற்றிப் போட்டபின் ‘டீபக் டயலர்’ கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள். எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போகும் பாக்கெட் டயல் செய்ய வைத்தது என்று ஒரு வரியில் சொல்லும். ரிப்பை எடுத்த பிறகும் லைன் தானாக எழுந்தால், அந்த வரியைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். பென்சிலிலேயே எழுதுங்கள், இடைவெளிகளையும் விடாமல்.